ஒரு வீட்டின் ஜாபிதா

எங்கள் ஊர் வீட்டை விற்றுவிடுவது என்று ஒருவழியாகத் தீர்மானமான பிறகு தரகர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணாந்து ஓட்டைப் பார்த்தார். திண்ணைத் தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். ரேழியில் நின்று மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினார். வைத்தியர் நாடி பார்க்கும்போது நாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம் அல்லவா? அதுபோல நானும் என் அக்காவும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஐயாவுக்கு அவசரமா, நிதானமா?" என்று கேட்டார்.

"அவசரந்தான்" என்றேன். தம்பி பட்ட கடனுக்குத் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது.

"அப்படியானால் நான் சொல்கிறபடி செய்யுங்கள். கூடத்துப் படங்களையெல்லாம் கழற்றிவிடுங்கள். சாமி படம் ஒன்றிரண்டு இருக்கட்டும். பெரியவர்கள் படம் வேண்டாம். வாங்க வருகிறவன் உங்கள் தாத்தா முகத்தைப் பார்த்துக்கொண்டு விலை பேசமாட்டான். பரணை ஒழியுங்கள். கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் போடுங்கள். அது கிறீச்சிட்டால் வீடே கிழம் என்று தோன்றிவிடும். உள்ளும் புறமும் இரண்டு பூச்சு வெள்ளையடித்துவிடுங்கள். முதலில் அந்தச் சமையலறைச் சுவர். அது என்ன ஐயா, சுவர் பூராவும் கரிக்கோடு?"

அது அம்மாவின் பால் கணக்கு. காலைப் பாலுக்கு நேர்க்கோடு, மாலைப் பாலுக்குச் சாய்கோடு. நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் தொலைந்துபோகும் என்பது அம்மாவின் கட்சி. சுவர் எங்கே போகும்?

தரகர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. அவருக்குத் தொழில் தெரியும். ஒரு வீடு சீக்கிரம் விலைபோக வேண்டுமானால், அதில் யாரும் வாழ்ந்ததாகத் தெரியக்கூடாது. வருகிறவன் தன் கட்டிலையும் தன் பீரோவையும் மனத்துக்குள்ளேயே போட்டுப் பார்த்துக்கொள்வதற்கு இடம் விட வேண்டும். நம் ஊர்த் தரகருக்கு மட்டுமல்ல, உலகத்தில் எந்த ஊர்த் தரகருக்கும் இதுதான் பாலபாடம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்படி விற்பனைக்கு ஆயத்தமான இன்னொரு வீடு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அது ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. ஆண்டு 1656. வீட்டுக்காரர் பெயர் ரெம்ப்ராண்ட்.

*

ஓவியர் ரெம்ப்ராண்டின் பெயரை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். இருட்டிலிருந்து ஒரு கிழவனுடைய நெற்றியும் மூக்கும் மட்டும் வெளிச்சத்துக்கு வருகிற மாதிரியான படங்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்குக் கலைதான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் ஒரு வீட்டை வாங்கி, அதன் கடனைக் கட்ட முடியாமல் தவித்து, கடைசியில் நம் ஊரில் சொல்கிறோமே, 'மஞ்சள் கடுதாசி' என்று, அதைக் கொடுத்த மனிதரும்கூட. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

1639-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் அந்த வீட்டை வாங்கினார். அப்போது வயது 32. மாவு அரைக்கும் ஆலைக்காரர் ஒருவரின் பிள்ளையாக லைடன் நகரில் பிறந்து, ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து, பெரிய மனிதர்களின் உருவப்படங்களை எழுதிக் கைநிறையச் சம்பாதித்துக்கொண்டிருந்த காலம். மனைவி சாஸ்கியா நல்ல இடத்துப் பெண். கொஞ்சம் சொத்தும் கொண்டுவந்தவள். விலை 13,000 கில்டர். அந்தக் காலத்தில் அங்கே கைத்தொழில் தெரிந்த ஒருவன் வருஷம் பூராவும் உழைத்தால் சுமார் 300 கில்டர் கிடைக்கும். அப்படியென்றால் வீடு எத்தனை பெரியது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நாலில் ஒரு பங்கை ஓராண்டுக்கு மேல் கொஞ்ச காலத்துக்குள் தவணையாகக் கட்டுவது, மீதியை ஐந்தாறு வருஷத்தில் தீர்ப்பது என்று பேச்சு. நம்மில் பலரும் வீடு வாங்குகிற அதே கணக்குத்தான்: இன்றைய வருமானம் நாளைக்கும் வரும் என்கிற நம்பிக்கை.

வருமானம் வரத்தான் வந்தது. 'இரவுக் காவல்' என்று இன்று உலகம் முழுவதும் சொல்லப்படும் பெரிய படத்தை 1642-இல் முடித்தார். அதற்குக் கிடைத்தது சுமார் 1,600 கில்டர். ஆனால் அதே வருஷம் ஜூன் மாதம் சாஸ்கியா இறந்துபோனாள். அதற்கு முன் பிறந்த மூன்று குழந்தைகளும் சிசுப் பருவத்திலேயே போய்விட்டன. நாலாவதாகப் பிறந்த டைட்டஸ் மட்டும் தங்கினான். தாய் இறக்கும்போது அவனுக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. சாஸ்கியா தன் உயிலில் தன் பங்கை மகனுக்கு எழுதிவைத்தாள். ரெம்ப்ராண்ட் மறுமணம் செய்துகொள்ளாதவரை அதை அவர் அனுபவிக்கலாம். பின்னர் போட்ட கணக்கின்படி தம்பதியின் மொத்தச் சொத்து 40,750 கில்டர். அதில் பாதி பையனுக்கு. இந்தப் பாதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிவில் இது திரும்பி வரும்.

இவ்வளவு சொத்து இருந்தும் வீட்டுக் கடன் ஏன் தீரவில்லை? அதற்குப் பதில் ஏலக் கடைகளில் இருந்தது. ரெம்ப்ராண்டுக்கு ஏலத்தைக் கண்டால் கால் நகராது. பழைய சித்திரங்கள், அச்சுப் படங்கள், சங்குகள், சிப்பிகள், ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் மார்பளவுச் சிலைகள், கவசங்கள், வில்கள், வேல்கள், கடல் கடந்து வந்த துணிகள் எல்லாம் வாங்கினார். படம் எழுத உதவும் என்று ஒரு காரணம் சொல்லலாம். புத்தகம் வாங்குகிறவனும் அப்படித்தான் ஒரு காரணம் சொல்கிறான்.

1653-இல் வீட்டை விற்றவர் பொறுமை இழந்தார். வட்டியும் வரியும் சேர்ந்து பாக்கி 8,470 கில்டர் ஆகியிருந்தது. பழைய கடனை அடைக்க ரெம்ப்ராண்ட் புதுக் கடன் வாங்கினார். கார்னெலிஸ் விட்சன் என்ற நகரப் பிரமுகரிடம் 4,180. ஐசக் வான் ஹெர்ட்ஸ்பேக் என்ற வியாபாரியிடம் 4,200. நண்பர் யான் ஸிக்ஸிடம் 1,000. கடனைக் கடனால் தீர்த்தவர்களின் கதை எந்தத் தேசத்திலும் ஒன்றுதான். அந்த நேரம் பார்த்து இங்கிலாந்தோடு 1652 முதல் 1654 வரை கடல் யுத்தம். வியாபாரம் படுத்தது. படம் வாங்குகிறவர்கள் பையைச் சுருக்கிக்கொண்டார்கள்.

போதாததற்குச் சுவர்த் தொல்லையும் வந்தது. ஆம்ஸ்டர்டாம் சதுப்பு நிலத்தில் மரக்கம்பங்களை இறக்கி அதன்மேல் எழுப்பிய நகரம். வீடுகள் மெல்ல அமிழும். பக்கத்து வீட்டுக்காரர் டேனியல் பிண்டோ தம் வீட்டைத் தூக்கி நிறுத்தும் வேலையை ஆரம்பித்தார். நடுச்சுவர் இருவருக்கும் பொது. அதனால் செலவிலும் பங்கு, தகராறிலும் பங்கு. அந்தத் தட்டல், இடி, தூசி எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு மனிதர் படம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் தம் வாழ்க்கையில் எழுதிய நல்ல படங்களில் சில அந்த வருஷங்களைச் சேர்ந்தவை என்பது ஆச்சரியந்தான்.

1655 டிசம்பரில் தாமாகவே கொஞ்சம் சாமான்களை ஏலத்துக்கு விட்டுப் பார்த்தார். சிறிய வீடாக ஒன்று வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றும் ஒரு பேச்சு நடந்தது. இரண்டும் பலிக்கவில்லை. 1656 மே மாதத்தில் வீட்டை மகன் டைட்டஸ் பெயருக்கு மாற்றினார். கடன்காரன் கைக்கு எட்டாமல் பிள்ளை பெயருக்கு மாற்றுவது நமக்குத் தெரியாத வித்தையா? ஜூலையில், அவருக்கு 50 வயது நிறைந்த அதே மாதத்தில், சொத்து முழுவதையும் கடன்காரர்களுக்கு ஒப்படைத்துவிடுவதாக நீதிமன்றத்தில் மனுப் போட்டார். வியாபாரத்தில் நஷ்டம், கடலில் போன பொருளால் நஷ்டம் என்று காரணம் சொன்னார்.

*

1656 ஜூலை 25, 26. இந்த இரண்டு நாட்களைப்பற்றித்தான் நான் அன்றிரவு நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

கடனில் மூழ்கியவர்களின் சொத்தைப் பராமரிப்பதற்கென்று ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஒரு தனி இலாகா இருந்தது. அதிலிருந்து குமாஸ்தா வந்தார். வாசல் அறையிலிருந்து தொடங்கி, அறை அறையாக நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். எல்லாம் எழுதி முடிந்தபோது 363 இனங்கள் ஆகியிருந்தன. அந்த ஜாபிதா இன்றும் இருக்கிறது.

முதல் இனம், அட்ரியான் பிரௌவர் எழுதிய ஒரு சின்னப் படம். பலகாரம் செய்கிற ஒருவனுடைய படம். அது வாசல் அறையில் மாட்டியிருந்தது. அதே அறையில் ரஷ்யத் தோல் போட்ட நாலு நாற்காலிகள். பக்கத்து அறைக்குப் போனால் சுவர் தெரியாமல் படங்கள். பச்சை வெல்வெட் போட்ட ஏழு நாற்காலிகள். ஜார்ஜோனே எழுதியதாகக் குறிக்கப்பட்ட பெரிய படம் ஒன்று. அதில் பாதிதான் ரெம்ப்ராண்டுடையது, மற்றப் பாதி வேறொருவருக்குச் சொந்தம் என்று குமாஸ்தா பொறுப்பாக எழுதியிருக்கிறார். வயலைப் பாகம் பிரித்துக் கேட்டிருக்கிறோம். படத்தைப் பாகம் பிரித்ததை அங்கேதான் பார்த்தேன். இன்னும் சில படங்களுக்கு நேரே, ரெம்ப்ராண்ட் கைபட்டுத் திருத்தியது என்று இருக்கிறது. சீடன் எழுதியதை ஆசிரியர் சீர்செய்த படங்கள் அவை. இதெல்லாம் ஒரு குமாஸ்தாவுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்காரரே கூடநின்று சொல்லியிருக்க வேண்டும். அதை நினைத்துப் பாருங்கள். தம்மை வெளியேற்ற வந்தவரின் பக்கத்தில் நின்றுகொண்டு, இது பிரௌவர், இது என்னுடையது, இது என் பையன் எழுதி நான் தொட்டது என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்.

மேலே போனால் கலைப்பொருள் அறை. இரண்டு பூகோள உருண்டைகள், கனிமக் கற்கள் வைத்த பெட்டி, சங்கு சிப்பிகள், பவளம், ரோமாபுரி மன்னர்களின் தலைகள். பெரிய ஆல்பங்களில் ரஃபேல், மாண்டென்யா முதலியோரின் அச்சுப் படங்கள். புத்தகங்கள் மிகக் கொஞ்சம். பழைய பைபிள் ஒன்று. நண்பர் யான் ஸிக்ஸ் எழுதிய 'மெடியா' நாடகம். பெயர் குறிக்காமல் "பலவித அளவில் 15 புத்தகங்கள்" என்று ஒரே வரி. புத்தகம் எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த வரியைக் கண்டு கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அப்புறம் சிறிய சித்திரசாலை. அதைத் தடுத்துத் தடுத்துப் பிரித்திருந்தார்கள். ஒரு தடுப்பில் பழைய ஆயுதங்களும் ஊதுகருவிகளும். இன்னொன்றில் 60 'இந்திய' ஆயுதங்கள், அம்புகள், வேல்கள், வில்கள். வேறொன்றில் உயிருள்ள மனிதர்களின் கைகளிலிருந்தும் தலைகளிலிருந்தும் அச்செடுத்த வார்ப்புகள். 'இந்திய' என்றால் அந்தக் காலத்து ஆம்ஸ்டர்டாமில் கீழ்த்திசை தேசம் எல்லாமே சேர்ந்ததுதான். ஆனாலும் அந்தச் சொல்லை அங்கே பார்த்ததும், வெளியூரில் நம் ஊர்ப் பேருந்தைக் கண்டதுபோல ஒரு சந்தோஷம். டச்சுக்காரர்கள் அப்போது பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டு நம் சோழமண்டலக் கரைத் துணியைக் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிங்கத்தின் தோலும் ஒரு பெண் சிங்கத்தின் தோலும்கூட அந்த வீட்டில் இருந்தன.

கடைசியாகச் சமையலறை. இங்கே வந்ததும் ஜாபிதா சட்டென்று ஏழையாகிவிடுகிறது. ஒரு ஈயச் செம்பு, சில சட்டி பானைகள், சின்ன மேஜை, சாமான் வைக்கிற அலமாரி, பழைய நாற்காலிகள். நடையில் சில தட்டுகள். சிங்கத்தோலும் ரஃபேலும் மாடியில் இருக்க, சமையலறையில் ஹெண்ட்ரிக்யே அந்தச் சில சட்டி பானைகளோடுதான் குடித்தனம் நடத்தினாள். ஹெண்ட்ரிக்யே வீட்டு வேலைக்கு வந்து பிற்பாடு அவருக்குத் துணைவியாக ஆனவள். சாஸ்கியாவின் உயில் குறுக்கே நின்றதால் கல்யாணம் நடக்கவில்லை. 1654-இல் பெண் குழந்தை பிறந்தது. மாதா கோயில் சபை அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தது, அவரைக் கூப்பிடவில்லை.

ஜாபிதாவின் முடிவில் என்ன இருக்கிறது தெரியுமா? சலவைக்குப் போட்டிருப்பதாகச் சொல்லப்பட்ட துணிகள். ஆண்பிள்ளைச் சட்டை 3, கைக்குட்டை 6, சாப்பாட்டுத் துண்டு 12, மேஜை விரிப்பு 3, சில கழுத்துப் பட்டைகளும் கைப்பட்டைகளும். வீட்டில் இல்லாத துணியைக்கூட விட்டுவைக்கவில்லை. வண்ணான் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது அந்தச் சட்டைகள் கடன்காரர்களின் சொத்தாகிவிட்டிருக்கும்.

*

ஜாபிதா எழுதிவிட்டால் வீடு விற்பனைக்குத் தயார் என்று அர்த்தம். சாமான்கள் தவணை தவணையாக ஏலத்துக்குப் போயின. 1658-இல் சித்திரங்களையும் அச்சுப் படங்களையும் விற்றபோது ஒட்டிய விளம்பரத்தாள் ஒன்று இன்றும் கிடைக்கிறது. ரெம்ப்ராண்டே மிகுந்த ஆர்வத்தோடு சேகரித்தவை என்று அதில் சொல்லியிருக்கிறது. சாமான் விலைபோவதற்கு மனிதனுடைய பெயர் வேண்டியிருந்தது. மனிதனுக்குத்தான் அந்த வீட்டில் இடமில்லை. ஏலத்தை நடத்தியவர் தாமஸ் ஹாரிங். அவருடைய உருவத்தை ரெம்ப்ராண்ட் முன்பே செப்புத் தகட்டில் செதுக்கிக் கொடுத்திருந்தார்! ஆயுள் முழுவதும் தேடிச் சேர்த்த அந்தப் படங்களுக்குக் கிடைத்தது சுமார் 600 கில்டர். அவசர விற்பனை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் வாங்குகிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

வீட்டின் கதையும் அதுதான். 1658 பிப்ரவரியில் ஏலம். முதலில் ஒரு கொத்தனார் 13,600 கில்டருக்குக் கேட்டார். ரெம்ப்ராண்ட் வாங்கிய விலையைவிட அதிகம். ஆனால் அவரால் ஜாமீன் காட்ட முடியவில்லை. அடுத்து ஒருவர் 12,000 என்றார், அதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் லீவன் ஸைமன்ஸ் என்ற சப்பாத்துத் தொழிலாளிக்கு 11,218 கில்டருக்கு முடிந்தது. நம் தரகரைக் கேட்டால், "முதல் கிராக்கி வாயில் சர்க்கரை, கையில் காசில்லை, மூன்றாம் கிராக்கிதான் நிஜம்" என்று சொல்லியிருப்பார்.

விற்பனை நிபந்தனையில் ஒரு வரி எனக்கு மறக்கவே மறக்காது. வீட்டில் இரண்டு கணப்பு அடுப்புகளும், மேல்மாடத்தில் சீடர்களுக்காகப் போட்ட சில தடுப்புகளும் நீங்கலாக, என்று அதில் இருக்கிறது. அவற்றை ரெம்ப்ராண்ட் எடுத்துக்கொண்டு போகலாம். இருபது வருஷம் வாழ்ந்த வீட்டிலிருந்து சட்டப்படி அவருக்கு மிஞ்சியது இரண்டு அடுப்பும் சில பலகைகளும். வேறு எங்கேயாவது போய், மறுபடியும் தடுப்புப் போட்டு, மறுபடியும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்தார் போலும்.

இன்னொரு சாமானையும் காப்பாற்றப் பார்த்தார்கள். கருங்காலிச் சட்டம் போட்ட பெரிய நிலைக்கண்ணாடி. பையன் டைட்டஸ் அதை ஏலத்தில் தானே வாங்கினான். புது இடத்துக்குக் கொண்டுபோகும் வழியில், சுமந்து வந்த ஆளின் தலைமேலேயே அது உடைந்து நொறுங்கிவிட்டது. அவன் எதிலும் மோதவில்லை, தானாகத்தான் உடைந்தது என்று பார்த்தவர்கள் நோட்டரியிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். தன் படத்தைத் தானே அத்தனை தடவை எழுதிய மனிதர், எத்தனை நாள் அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்றாரோ!

வீட்டு விலையில் முதலில் பணத்தை வாங்கிக்கொண்டவர் விட்சன். அந்த வருஷம் அவர் நகரத் தலைவர்களில் ஒருவரும் ஆனார். ஹெர்ட்ஸ்பேக்கும் தம் 4,200-ஐ வாங்கிக்கொண்டார். ஆனால் டைட்டஸின் காப்பாளர் விடவில்லை. தாய் விட்ட பாதிதான் முந்திய கடன் என்று வழக்காடினார். அது வருஷக்கணக்காக நடந்து, ஹெர்ட்ஸ்பேக் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. 1665-இல் டைட்டஸின் கைக்கு வந்தது 6,952 கில்டர். சாஸ்கியாவின் பாதியில் மூன்றில் ஒரு பங்கு.

குடும்பம் ரோஸன்கிராக்ட் என்ற எளியவர்கள் பேட்டையில் வாடகை வீட்டுக்குப் போயிற்று. 1660-இல் ஹெண்ட்ரிக்யேயும் டைட்டஸும் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். ரெம்ப்ராண்ட் அதில் வேலைக்காரர். சோறும் இருப்பிடமும் கம்பெனி கொடுக்கும், அவர் எழுதும் படம் கம்பெனிக்குச் சொந்தம். கடன்காரர்கள் மறுபடியும் வராமலிருக்கப் பெண்பிள்ளையும் பையனும் போட்ட வேலி அது.

வீடு போன அதே 1658-இல் அவர் தம்மையே ஒரு படம் எழுதினார். பொன்னிற அங்கி, கையில் கோல், சிம்மாசனத்தில் இருப்பதுபோன்ற இருக்கை. ஓர் அரசன் போல உட்கார்ந்திருக்கிறார். ஆனால் முகம் களைத்திருக்கிறது. அந்த வருஷங்களில்தான் மொகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்துக் கோட்டோவியங்களாக நகல் எடுத்தார். அப்படி இருபதுக்கும் மேற்பட்டவை இன்று மிஞ்சியிருக்கின்றன. மூலப் படங்கள் தம் கையைவிட்டுப் போவதற்குமுன் எடுத்துக்கொண்ட நகல்கள் என்று கருதுகிறவர்களும் உண்டு. அவற்றில் ஷாஜஹான் இருக்கிறார். அந்த ஷாஜஹானும் அதே 1658-இல்தான் தம் மகனால் ஆக்ராக் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். அதே 1658-இல்தான் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அந்த நாட்டின் கொடி நம் கடற்கரையில் ஏறிக்கொண்டிருந்தபோது, அதன் மிகப் பெரிய சித்திரக்காரர் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வீடு மாறிக்கொண்டிருந்தார். நாட்டின் அதிர்ஷ்டம் வேறு, நாட்டிலுள்ளவனின் அதிர்ஷ்டம் வேறு.

ஹெண்ட்ரிக்யே 1663-இல் இறந்தாள். டைட்டஸ் 1668-இல் இறந்தான். மறு வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி கிழவரும் போய்ச் சேர்ந்தார். பெயர் பொறிக்காத கல்லறை. அதுவும் வாடகைக் குழிதான்.

*

இத்துடன் கதை முடிந்திருந்தால் நான் அன்றிரவு இதை நினைத்திருக்கவே மாட்டேன்.

வாங்கியவர்கள் அந்த வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள், மேலே ஒரு மாடி எழுப்பினார்கள். அப்புறம் கை மாறிக் கை மாறி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அது இடிந்துவிழும் நிலைக்கு வந்துவிட்டது. 1906-இல் ரெம்ப்ராண்டின் முந்நூறாவது பிறந்தநாள் வந்தது. அதையொட்டி நகரசபை அந்த வீட்டை மீட்டது. 1911-இல் அது காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. ஆனாலும் உள்ளே அவர் வாழ்ந்த வீடு இல்லை. எது எந்த அறையில் இருந்தது, எங்கே தூங்கினார், எங்கே எழுதினார் என்று யாருக்குத் தெரியும்? சீடர்கள் யாரும் எழுதிவைக்கவில்லை. மகன் எழுதிவைக்கவில்லை.

அதை எழுதிவைத்தவர் அந்தக் குமாஸ்தா ஒருவர்தான். 1990-களின் முடிவில் வீட்டை உள்ளே பழையபடி அமைத்தபோது அந்த ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் அறை அறையாக நடந்தார்கள். இங்கே வாசல் அறை, இங்கே பச்சை நாற்காலி, இங்கே சங்கு, இங்கே தலை வார்ப்புகள், இங்கே சமையலறை. கடன்காரர்களுக்காக, விலைபோட்டு விற்பதற்காக, அந்த மனிதரை அங்கிருந்து துடைத்து அகற்றுவதற்காக எழுதிய காகிதம், முந்நூற்று நாற்பது வருஷம் கழித்து அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டு வந்தது. அன்புள்ளவர்கள் யாராவது எழுதியிருந்தால் சாஸ்கியாவைப்பற்றி நாலு நல்ல வார்த்தை இருந்திருக்கும். மூன்று சட்டை சலவையில் இருந்தது தெரிந்திருக்காது. நமக்கு முக்கியம் எது என்று நமக்கே தெரிவதில்லை. அந்தக் குமாஸ்தாவுக்கு எதுவும் முக்கியமில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதினார்.

மறுநாள் காலையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"என்ன தம்பி, வெள்ளையடிக்கிறவனுக்குக் கணக்கா?" என்றாள்.

"இல்லை அக்கா, ஜாபிதா. வாசலிலிருந்து ஆரம்பி."

முதலில் சிரித்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். நான் கூடத்துப் படங்கள், அப்பாவின் சாய்வு நாற்காலி, ஊஞ்சல் என்று பெரிய சாமான்களையே பார்த்துக்கொண்டு போனேன். அவள் விடவில்லை. மாடக்குழியில் காடாவிளக்குப் புகை, நிலைப்படியில் மஞ்சள் பூசிப் பூசிக் குழிந்த இடம், அஞ்சறைப்பெட்டியில் மூடி இல்லாத அறை, காது உடைந்த கல்சட்டி, பரணில் தாத்தாவின் ஒற்றைப் பாதக்குறடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் எழுதினோம். மொத்தம் 178 இனங்கள். சமையலறைச் சுவருக்கு வந்தபோது இருவரும் பேசவில்லை. கடைசி வரிசையில் எத்தனை கோடு என்று எண்ணி, இனம் 143 என்று எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வெள்ளையடிக்கிறவர்கள் வந்தார்கள். தரகர் சொன்னபடி எல்லாம் செய்தோம். படங்களைக் கழற்றினோம், பரணை ஒழித்தோம், ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டோம். நாற்பது நாளில் வீடு விலைபோயிற்று. கேட்ட விலை கிடைக்கவில்லை; ஆனால் தவணைக்குள் கிடைத்தது. எங்களுக்கும் மூன்றாம் கிராக்கிதான்.

அச்சாரம் கொடுக்க வந்த அன்று வாங்குகிறவரின் மனைவியும் வந்திருந்தார். சின்ன வயசு, கையில் குழந்தை. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சமையலறையில் வந்து நின்றார். அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார்.

"சுவர் நல்லா வெள்ளையா இருக்கு. இங்கே காலண்டர் மாட்டிக்கலாம். பால் கணக்கு எழுத வசதியா இருக்கும்" என்று கணவரிடம் சொன்னார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இனம் 143 அந்த இடந்தான்.